ஓட்டிக் காட்டு, பாப்போம்!

ரெண்டு லிட்டர் பாலும் மூணு லிட்டர் பாலும் சேந்தா எவ்வளவு?

அஞ்சுன்னுதானே சொல்லுவீங்க. எங்க பக்கத்துல ஒம்போதாவது படிக்கிற ஒரு பொண்ணு எழுதுன புரோகிராம் இருபத்தி மூணுன்னு சொல்லுச்சு.

இருபத்தி மூணு லிட்டர்! (இப்பிடி ஒரு மாடு மட்டும் கெடச்சா ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வெல பாதியா எறங்கிரும்.)

அந்த இருபத்தி மூணு எங்கேருந்து வந்துச்சுன்னு அவளே தோண்டித் துருவிக் கண்டுபிடிச்சா. அதப் பாத்த சந்தோஷம் எனக்கு இன்னும் அடங்கல. அதுக்கப்புறம் ஒரு போட்டியில நடந்ததப் பாத்து வந்த கோவமும் அடங்கல. ரெண்டையும் எறக்கி வெக்கத்தான் இன்னைக்கு உக்காந்துருக்கேன். நீளமாப் போகும். காப்பி போட்டுட்டு வந்துருங்க.

விஷயம் என்னன்னா, அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு நடக்குற கம்ப்யூட்டர் புராஜெக்ட் போட்டி.

நான் ராஜபாளையத்துக்காரன். ஒரு மில்லுல கணக்கு சாஃப்ட்வேர் பாத்துக்குற வேலை. சனிக்கிழமையானா ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல இருக்குற ஒரு அரசுப் பள்ளிப் புள்ளைங்களோட உக்காந்துருவேன். பாடம் நடத்துறதுக்கு இல்ல. அவங்க எழுதுறாங்க, நான் பக்கத்துல இருக்கேன், அவ்வளவுதான். எங்கயாவது நின்னுபோச்சுன்னா "சார்"னு ஒரு கொரல் வரும். அந்தக் கொரலுக்காகத்தான் போறேன்.

சரி, பால் கணக்குக்கு வருவோம்.

அந்தப் பொண்ணு வீட்ல ரெண்டு மாடு. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ பால் ஊத்துறாங்க. கணக்க அம்மா ஒரு நோட்டுல எழுதி வெக்கிறாங்க. பத்து நாளைக்கு ஒருக்கா கூட்டிப் பாத்தா எங்கயாவது இடிக்கும். "இதுக்கு ஒரு புரோகிராம் எழுதலாமா சார்?"னு கேட்டா. எழுதும்மான்னேன்.

எழுதுனா. ஓட்டுனா. காலைல எத்தன லிட்டர்னு கேட்டுச்சு, 2 போட்டா. சாயங்காலம் எத்தனன்னு கேட்டுச்சு, 3 போட்டா. மொத்தம் 23.

ஒரு நிமிஷம் அப்பிடியே பாத்துக்கிட்டு இருந்தா. நான் வாயத் தெறக்கல. (இது ரொம்பக் கஷ்டமான வேலைங்க. விடை தெரிஞ்ச ஆளு சும்மா இருக்குறதுக்கு நிறையப் பயிற்சி வேணும்.) மறுபடி ஓட்டுனா. இந்தத் தடவ 20ம் 5ம் போட்டா. 205.

"சார்! இது கூட்டல சார், ஒட்டுது!"

இதவிடத் தெளிவா எந்தப் புத்தகமும் சொல்லிறாது. பைத்தான்ல கீபோர்டு வழியா எதத் தட்டி உள்ள அனுப்புனாலும் அது எழுத்தாத்தான் போய்ச் சேரும். எண்ணு மாதிரி தெரிஞ்சாலும் எழுத்துதான். எழுத்தும் எழுத்தும் சேந்தா கூடாது, ஒட்டும். இத எண்ணா மாத்திக்கன்னு நாமதான் சொல்லணும். சொன்னா. அஞ்சு வந்துச்சு.

முடிஞ்சுதா? இல்லயே! மாடு என்ன ரவுண்டாவா பால் குடுக்குது? 2.5ன்னு போட்டா. செவப்புல நாலு வரி பொலம்பிட்டு நின்னுபோச்சு. முழு எண்ணா மாத்தச் சொல்லிட்டு, நீ புள்ளி வெச்ச எண்ணக் குடுத்தா நான் என்ன பண்ணுறதுன்னு கேக்குது. அதையும் சரி பண்ணா. அடுத்து காலைல 1.1, சாயங்காலம் 2.2. மொத்தம் 3.3 வரணும்ல? வந்தது 3.3000000000000003.

"சார், அந்த மூணு யாரு வீட்டுப் பாலு?"

சிரிச்சு முடிச்சுட்டு அன்னைக்குப் பூரா அதத்தான் பேசுனோம். மூணுல ஒரு பங்க நாம 0.333ன்னு எழுதிக்கிட்டே போனாலும் முடியாதுல்ல? கம்ப்யூட்டருக்கு ரெண்டே இலக்கம், 0ம் 1ம். நம்ம 0.1 அதுக்கு முடிவே இல்லாத எண்ணு. எங்கயாவது வெட்டித்தான் ஆகணும், வெட்டுன தூசி கடைசில ஒட்டிக்கிட்டு நிக்குது. இதக் கேட்டுட்டு அவ சொன்ன தீர்வு: "லிட்டர விட்டுட்டு மில்லியாவே கணக்கு வெச்சா புள்ளியே வராதுல்ல சார்?" 1100ம் 2200ம் 3300. சுத்தம். காசு கணக்குப் பாக்குற சாஃப்ட்வேர்லயும் ரூபாய விட்டுட்டுப் பைசாவா வெச்சுக்குற வழி ஒண்ணு உண்டு. ரெண்டும் ஒரே யோசன. நான் சொல்லிக் குடுக்கல. அவளுக்கா வந்துச்சு.

இப்பக் கோவத்துக்கு வரேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு போட்டி. எங்க, யாரு நடத்துனாங்கங்கிறது வேண்டாம். வரிசையா மேஜை. மேஜை பூரா தெர்மாகோல். ஸ்மார்ட் சிட்டி, ஸ்மார்ட் வீடு, ஸ்மார்ட் குப்பத்தொட்டி. கலர் கலரா எல்இடி. பின்னாடி பிளக்ஸ்ல அடிச்ச சார்ட்டு. புள்ளைங்க விறைச்சுக்கிட்டு நின்னு ஒப்பிக்குதுங்க. ஒரு தம்பிகிட்டப் போயி "இந்த பட்டன அமுக்குனா உள்ள என்னப்பா நடக்கும்?"னு கேட்டேன். அவன் திரும்பி வாத்தியாரப் பாத்தான்.

அவன் மேல ஒரு தப்பும் இல்லைங்க. ரெடிமேடா புராஜெக்ட் விக்கிற எடம் இருக்கு. காசு குடுத்தா பெட்டியோட, சார்ட்டோட, மனப்பாடம் பண்ண வேண்டிய பேப்பரோட கெடைக்கும். பரிசு அதுக்குத்தான் வருதுன்னா வாத்தியாரும் வேற என்ன பண்ணுவாரு?

எனக்குப் பத்திக்கிட்டது அதுக்கு அடுத்த விஷயம். நம்ம பால் கணக்குப் பொண்ணு மேஜையில ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு நோட்டும்தான். நடுவர் வந்தாரு. "சார்ட்டு எங்கம்மா?"ன்னாரு. இல்ல சார்ன்னா. எதையோ குறிச்சுக்கிட்டு அடுத்த மேஜைக்குப் போயிட்டாரு.

லேப்டாப்பத் தெறந்தே பாக்கல!

கம்ப்யூட்டர் புராஜெக்ட் போட்டியில கம்ப்யூட்டர ஓட்டிப் பாக்காம எப்பிடிங்க மார்க்கு போடுவீங்க? பாட்டுப் போட்டியில பட்டுப்பாவாடையப் பாத்தா பரிசு குடுப்பீங்க?

இந்த ஒரு விஷயத்தச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்குறேன். புரோகிராம் எழுதுற புள்ள படிக்கிறது, அது ஓடாம நிக்கிற நேரத்துலதான். அந்த நேரத்துக்கு மதிப்பு குடுக்காத போட்டி, கைவேலைக் கண்காட்சியாப் போயிரும். கைவேலையும் நல்லதுதான். ஆனா அதுக்குத் தனியா போட்டி வெச்சுக்கலாம்.

இன்னொரு குழு கதை சொல்றேன். இது எங்க ரெண்டு ஊருக்காகவே பொறந்த பிழை.

ரெண்டு பொண்ணுங்க சேந்து பஸ் நேரம் பாக்குற புரோகிராம் எழுதுனாங்க. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். ஆனா எந்த ஊர்ல எது நிக்கும், எது நிக்காமப் போகும்ங்கிறது அன்னாடம் ஒரு பஞ்சாயத்து. ஊர் பேரத் தமிழ்ல அடிச்சா நேரம் வரணும். ஒருத்தி வீட்ல போன்ல உக்காந்து ஊர்ப் பட்டியல அடிச்சா. இன்னொருத்தி ஸ்கூல் லேப்ல தேடுற பகுதிய எழுதுனா. சேத்து ஓட்டுனாங்க.

ராஜபாளையம்னு போட்டா நேரம் வருது. கிருஷ்ணன்கோவில்னு போட்டா வருது. ஸ்ரீவில்லிபுத்தூர்னு போட்டா "இந்த ஊர் இல்லை"ங்குது!

ஆண்டாள் ஊர இல்லைன்னு சொல்லுது ஒரு மெஷினு. நம்ம தமிழ்நாட்டு அரசுச் சின்னத்துல இருக்குறதா எல்லாரும் சொல்ற கோபுரம் நிக்கிற ஊரு!

எழுத்த ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பாத்தாங்க. ஒரே மாதிரிதான் இருக்கு. எடையில எடம் விட்டுருக்கான்னு பாத்தாங்க. இல்ல. அழிச்சு மறுபடி அடிச்சாங்க. ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துருச்சு, "நீ தப்பா அடிச்ச", "நீதான் தப்பா அடிச்ச"ன்னு.

அப்புறம் ஒரு வழி சொன்னேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எழுத்தோட நம்பர்தான் தெரியும். பட்டியல்ல இருக்குற ஊர்ப் பேரையும் தேடுற ஊர்ப் பேரையும் நம்பரா மாத்திப் பாருங்கன்னேன். மாத்துனாங்க. ஒண்ணு 3000ல ஆரம்பிக்குது. இன்னொண்ணு 2998ல ஆரம்பிக்குது.

கதை இதுதான். யூனிகோடுல 'ஸ'வுக்கு எண் 3000. அதுக்கு ரெண்டு எடம் முன்னாடி, 2998ல, 'ஶ'ன்னு இன்னொரு எழுத்து இருக்கு. இது 2005-லதான் யூனிகோடுக்குள்ள வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாரும் 'ஸ'வ வெச்சுத்தான் ஸ்ரீ போட்டாங்க. இப்ப ரெண்டு வழியும் இருக்கு. சில கீபோர்டு ஒரு வழியில அனுப்புது, சிலது இன்னொரு வழியில. பெரும்பாலான எழுத்துருவுல ரெண்டுமே திரையில ஒரே ஸ்ரீயாத்தான் தெரியும். கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு.

தேடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே வகைக்கு மாத்திரணும், ஒத்த வரி வேலை. ஆனா அந்த ஒத்த வரிக்கு வந்து சேர்ற பாதை இருக்கே! அதுல ஒருத்தி ராஜபாளையத்துக்காரி. "எங்க ஊருக்கு இந்தத் தொல்லையே இல்ல பாத்தியா"ன்னு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிய வம்பிழுத்துக்கிட்டே இருந்தா.

(தமிழ்ல புரோகிராம் எழுதுற எல்லாருக்கும் இப்பிடி ஒரு நாள் வரும். 'பால்கோவா'வுல எத்தன எழுத்து? நாலு. பைத்தான்கிட்டக் கேட்டா எட்டும்பான். துணைக்காலு, புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுவான். இதச் சரி பண்ணுறதுக்குன்னே முத்து அண்ணாமலை மாதிரியானவங்க 'ஓப்பன் தமிழ்'னு ஒரு நிரல் தொகுப்பு எழுதி இலவசமாக் குடுத்துருக்காங்க. தமிழ்லயே நிரல் எழுதுற 'எழில்' மொழியும் அவர் ஆரம்பிச்சதுதான். புள்ளைங்ககிட்ட இதச் சொன்னா, "தமிழ்ல இப்பிடியெல்லாம் இருக்கா சார்?"னு கண்ணு விரியும்.)

இன்னும் ஒண்ணு. 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்சு பல வருஷம் அரசு இலவச லேப்டாப் குடுத்துச்சுல்ல? அந்த அண்ணன் அக்கா லேப்டாப்பு இன்னும் பல வீட்ல இருக்கு. முதல்ல வந்ததுகள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக்ங்கிற அரசு நிறுவனம் தயாரிச்சது. விண்டோஸ் படுத்துட்டாலும் லினக்ஸ் பக்கம் உயிரோட இருக்கும். ஒரு தம்பி அதுலதான் எழுதிப் பழகுனான். வீட்ல ஓடுன புரோகிராம் ஸ்கூல்ல ஓடல. ஏன்னா பழைய லேப்டாப்புல பைத்தான் 2, லேப்ல பைத்தான் 3. பழசுல அஞ்ச ரெண்டால வகுத்தா 2ன்னு சொல்லும், புதுசுல 2.5ன்னு சொல்லும். பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரியோட முடிஞ்சுபோச்சு. இதெல்லாம் அந்தத் தம்பி தானாத் தெரிஞ்சுக்கிட்டான். எந்தக் கேள்வித்தாள்லயும் வராது. வேலைக்குப் போனா முதல் வாரத்துலயே வரும்.

சத்திரப்பட்டி பக்கம் தறி ஓட்டுற வீட்டுப் புள்ளைங்க சில பேரு எங்க குழுவுல உண்டு. பேண்டேஜ் துணி நெய்யுற தறி. இழை ஒண்ணு அறுந்தா தறிய நிறுத்திட்டு, எந்த இழைன்னு தேடி முடிச்சுப் போட்டுட்டுத்தான் அடுத்த வேலை. யாரும் அதுக்காகத் தறிக்காரரத் திட்டுறது இல்ல. புரோகிராமும் அப்பிடித்தான்னு நான் சொல்லவே வேண்டியதில்ல, அந்தப் புள்ளைங்க பிழையக் கண்டு பயப்படுறதே இல்ல.

பிழைன்னு சொன்ன உடனே ஒரு ராக்கெட் கதை சொல்லியே ஆகணும். அதுவும் நம்ம ரோட்டுக் கதை.

எங்க ஊர் வழியாப் போற தேசிய நெடுஞ்சாலை 744. திருமங்கலத்துல ஆரம்பிச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியா மலை ஏறி எறங்கிக் கொல்லத்துல முடியும். இந்த ரோட்டோட ரெண்டு முனையிலயும் அரசுப் பள்ளிப் புள்ளைங்க கம்ப்யூட்டர வெச்சுச் செஞ்ச காரியத்தப் பாருங்க.

முதல்ல திருமங்கலம் முனை. 2022-ல, சுதந்திரத்துக்கு 75 வருஷம் ஆனதுக்காக 'ஆசாதிசாட்'னு ஒரு செயற்கைக்கோள் பண்ணாங்க. சென்னையில இருக்குற ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு ஒருங்கிணைச்சது. நாடு முழுக்க 75 அரசுப் பள்ளி, பள்ளிக்குப் பத்துப் பேர், மொத்தம் 750 பொண்ணுங்க. ஒவ்வொரு குழுவும் சுமார் 50 கிராம் எடையில ஒரு சின்னக் கருவிக்கு நிரல் எழுதி, சோதிச்சு, சேத்தாங்க. அதுல திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிப் பொண்ணுங்க பத்துப் பேரும் உண்டு.

2022 ஆகஸ்ட் 7. ஸ்ரீஹரிகோட்டா. இஸ்ரோவோட புது ராக்கெட் எஸ்எஸ்எல்வி, அதோட முதல் பயணம், உள்ள ஆசாதிசாட். ராக்கெட் அழகாக் கெளம்புச்சு. ஆனா ரெண்டாவது அடுக்கு பிரியுற நேரத்துல வந்த அதிர்வுல வேகம் மாறுறத அளக்குற சென்சாருங்க கொஞ்ச நேரம் தடுமாறிருச்சு. உள்ள இருந்த மென்பொருள், சென்சாரே கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி மாற்று வழிக்குத் தாவிருச்சு. 356 கிலோமீட்டர் உயரத்துல வட்டப்பாதையில போய் நிக்க வேண்டியது, ஒரு பக்கம் 356, இன்னொரு பக்கம் வெறும் 76 கிலோமீட்டர்னு நீள்வட்டத்துல போய் விழுந்துச்சு. 76 கிலோமீட்டர்ல காத்து மண்டலம் சும்மா விடுமா? செயற்கைக்கோள் போச்சு.

750 பொண்ணுங்களோட வேலை. யோசிச்சுப் பாருங்க.

அதோட விட்டாங்களா? இஸ்ரோ என்ன நடந்துச்சுன்னு பிரிச்சு மேஞ்சு, சரி பண்ணி, 2023 பிப்ரவரி 10-ம் தேதி ரெண்டாவது எஸ்எஸ்எல்விய விட்டாங்க. அதுல ஆசாதிசாட்-2. 450 கிலோமீட்டர் உயரத்துல கச்சிதமாப் போய் நின்னுச்சு.

இஸ்ரோவே "எங்க தர்க்கம் இந்த எடத்துல தப்பாப் போச்சு"ன்னு வெளிப்படையாச் சொல்லி, திருத்தி, மறுபடி ஓட்டிக் காட்டுது. நம்ம ஊர்ப் போட்டியில ஒரு புள்ள "இது ஓடலை சார், ஏன்னு தேடிக்கிட்டு இருக்கேன்"னு சொன்னா மார்க்கு போயிருது. இது எந்த ஊர் நியாயம்?

இப்ப இன்னொரு முனை. கொல்லம், அதாவது கேரளா.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறி எறங்குனா வேற உலகம். அங்க 2001-லயே ஐடி அட் ஸ்கூல்னு பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் திட்டம் ஆரம்பிச்சுட்டாங்க. லினக்ஸ வெச்சே பாடம் நடத்துனாங்க. அது 2017-ல 'கைட்'னு ஒரு அரசு நிறுவனமா மாறுச்சு. 2018-ல 'லிட்டில் கைட்ஸ்'னு பள்ளிக்குப் பள்ளி மாணவர் மன்றம். எட்டாவதுலயே ஒரு தேர்வு வெச்சு எடுக்குறாங்க. அனிமேஷன், புரோகிராமிங், எலக்ட்ரானிக்ஸ், மலையாளத்துல கம்ப்யூட்டர்னு கத்துக் குடுக்குறாங்க.

அவங்க நடத்துற பள்ளி ஐடி மேளாவுல எனக்குப் பிடிச்சது இதுதான்: ஸ்கிராட்ச்சுல புரோகிராம் எழுதுற போட்டின்னா, அங்கயே, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எழுதணும். மலையாளத்துல தட்டச்சுன்னா அங்கயே தட்டணும். வீட்லேருந்து பெட்டியத் தூக்கிட்டு வர்ற கதையே இல்ல. காசு இருக்குற வீட்டுப் புள்ளையும் இல்லாத வீட்டுப் புள்ளையும் ஒரே மெஷின், ஒரே நேரம்.

நம்மகிட்ட என்ன இல்ல? எல்லாம் இருக்குங்க. அதுதான் ஆத்தாமையா இருக்கு.

தமிழ்நாட்டுல 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில ஹைடெக் லேப் போட்டாச்சு. பத்தாவது அறிவியல் புத்தகத்துலயே கடைசில ஸ்கிராட்ச் பாடம் இருக்கு. (எத்தன பேரு அந்தப் பாடத்த லேப்ல ஓட்டிப் பாத்துருப்பாங்க? பரீட்சைக்குக் கேள்வி பதிலாப் படிச்சவங்கதான் அதிகம்.) பதினொண்ணாவது கணினி அறிவியல்ல சி++, பன்னெண்டாவதுல பைத்தான். நல்லா எழுதுன புத்தகங்கதான். புதுசு புதுசா யோசிக்கிற புள்ளைங்களுக்குப் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம்னு ஒண்ணு, பள்ளிக்கல்வித் துறையும் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் யுனிசெஃபும் சேந்து நடத்துறாங்க. மத்திய அரசோட இன்ஸ்பயர் மானக் விருதுல யோசன தேர்வானா, மாதிரி செய்யுறதுக்கு 10,000 ரூபாய் நேரா அந்தப் புள்ளையோட பேங்க் கணக்குக்கே வரும்.

எங்க மாவட்டத்தப் பத்தியும் சொல்லணும். பொதுத்தேர்வுத் தேர்ச்சின்னா விருதுநகர்தான்னு பல வருஷம் பேரு வாங்குன மாவட்டம். காலைல நாலு மணிக்குப் புள்ளைய எழுப்பிவிட்டு டீ போட்டுக் குடுக்குற அம்மாக்கள் இருக்குற ஊரு. வாத்தியாருங்க சனி ஞாயிறு பாக்காம ஸ்பெஷல் கிளாஸ் எடுக்குற ஊரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல 1875-லயே பென்னிங்டன் நூலகம் வெச்சுட்டாங்க. ராஜபாளையத்துல குமாரசாமி ராஜா தன்னோட வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் குடுத்துட்டாரு, சென்னை மாகாண முதலமைச்சரா இருந்த மனுஷன். படிப்புக்குன்னா அள்ளிக் குடுக்குற மண்ணு இது. உழைக்கிறதுக்கு நம்ம புள்ளைங்க அசர்றதே இல்ல. அந்த உழைப்ப எதுக்குக் குடுக்கணும்னு பெரியவங்க நாமதான் தெளிவாச் சொல்லணும்.

அதனால, போட்டி நடத்துறவங்களுக்கும் நடுவராப் போறவங்களுக்கும் என்னோட கோரிக்கைங்க இதோ. உரிமையோட கேக்குறேன்.

ஒண்ணு. ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அவங்க தயார் பண்ணி வெச்ச எண்ணக் குடுக்காம நீங்களா ஒண்ணு குடுங்க. எண்ணு கேட்டா எழுத்தப் போட்டுப் பாருங்க. நின்னுபோனாலும் பரவால்ல. நின்ன உடனே அந்தப் புள்ள மொகத்தப் பாருங்க. "ஓ, இதுனாலயா!"ன்னு கை கீபோர்டுக்குப் போகுதா? அந்தப் புள்ளதான் எழுதிருக்கு.

ரெண்டு. ஒரே ஒரு வரிய அங்கயே மாத்தச் சொல்லுங்க. "பத்து நாள் கணக்க ஏழு நாளா மாத்து", "செவப்ப நீலமா மாத்து". காசு குடுத்து வாங்குன புராஜெக்ட்டும், சாட்ஜிபிடிகிட்ட அப்பிடியே எழுதி வாங்குனதும் இந்த எடத்துல தெரிஞ்சுபோகும். (சாட்ஜிபிடிகிட்டக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு எழுதுனா ரொம்ப நல்லது. மாத்தச் சொன்னா மாத்துறானா, அது போதும்.)

மூணு. பிழை நோட்டுக்கு மார்க்கு வெங்க. என்ன ஓடலை, ஏன், எப்பிடிச் சரியாச்சுன்னு தேதி போட்டு எழுதுன நோட்டு. கையெழுத்து எப்பிடி இருந்தாலும் சரி. என்னைக் கேட்டா பாதி மார்க்கு இதுக்கே குடுக்கலாம்.

நாலு. தமிழ்ல பேச விடுங்க. இங்கிலீஷ்ல ஒப்பிக்கிறதுக்கு ஒரு மார்க்கு கூட வேண்டாம். "கூட்டல, ஒட்டுது"ன்னு சொன்ன பொண்ணுக்கு விஷயம் முழுசாப் புரிஞ்சுருக்கு. அதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?

அஞ்சு. தெர்மாகோல், பிளக்ஸ், சார்ட்டு எல்லாத்துக்கும் தடை. கம்ப்யூட்டரும் நோட்டும் போதும். செலவில்லாமப் போட்டின்னாத்தான் தறி வீட்டுப் புள்ளையும் தீப்பெட்டி ஒட்டுற வீட்டுப் புள்ளையும் கூச்சமில்லாம வரும்.

ஆறு. தோத்தவங்களுக்கு நாலு வரி எழுதிக் குடுங்க. இது நல்லாருக்கு, இத இப்பிடி மாத்திப் பாருன்னு. சர்டிபிகேட்ட பீரோவுல வெப்பாங்க. அந்த நாலு வரிய அடுத்த சனிக்கிழமையே எடுத்துக்கிட்டு வருவாங்க.

வாத்தியாருங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. தலைப்ப வெளியில தேடாதீங்க. நம்மைச் சுத்தி எவ்வளவு கெடக்கு! கண்மாய்த் தண்ணி மட்டம். மாங்கா சீசன்ல அன்னன்னைக்கு வெல. தறியில ஒரு நாளைக்கு எத்தன மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துத் தோப்புக்குள்ள யானை வந்த நாள், நேரம். 1988-ல இருந்து சரணாலயம் வெச்சுக் காப்பாத்துற சாம்பல் நிற அணில எங்கெங்க பாத்தோம்ங்கிற கணக்கு. ஸ்கூல் நூலகத்துல எந்தப் புத்தகம் யாருகிட்ட இருக்கு. ஸ்மார்ட் சிட்டிய அந்தப் புள்ள பாத்ததே இல்ல. மாட்டையும் தறியையும் பஸ்ஸையும் தெனம் பாக்குது. விடை தப்பா வந்தா தப்புன்னு அதுக்கே தெரியும். பால் இருபத்தி மூணு லிட்டரா இருக்க முடியாதுன்னு எந்த வாத்தியாரும் சொல்லாமலே அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுச்சுல்ல? அதுக்குத்தான் சொல்றேன்.

ஹெட்மாஸ்டருங்க, லேப் பொறுப்பு டீச்சருங்ககிட்டயும் ஒரு வேண்டுதல். லேப்ல ஆன்லைன் தேர்வு, பதிவேடு, ட்ரெயினிங்குன்னு உங்களுக்கு இருக்குற நெருக்கடி எனக்குத் தெரியும். அதுக்கு நடுவுலயும் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் அந்தக் கதவு புள்ளைங்களுக்காகத் தெறந்திருக்கட்டும். பாடம் நடத்த வேண்டாம். மெஷின் ஆனாயிருந்தாப் போதும். மிச்சத்த அதுங்க பாத்துக்கும்.

கடைசியா, நம்மள மாதிரி ஆளுங்க. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம், ராஜபாளையம் ராம்கோ இன்ஸ்டிடியூட்னு ரெண்டு பக்கமும் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி தங்கச்சிங்க ஆயிரக்கணக்குல இருக்கீங்க. மில்லு ஆபீஸ்ல, பேங்க்ல, வீட்லேருந்தே ஐடி வேலையில இன்னும் எவ்வளவோ பேரு. பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போயி ஹெட்மாஸ்டரப் பாத்து, அனுமதி வாங்கி, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் உக்காருங்க. விடை சொல்லாம உக்காருங்க. ரொம்ப முக்கியம் அது.

போட்டி அறிவிப்பு வரட்டும்னு காத்திருக்காதீங்க. அறிவிப்பு வர்றதுக்கும் போட்டி நடக்குறதுக்கும் நடுவுல கெடைக்கிற நாள்ல பெட்டிதான் வாங்க முடியும், புரோகிராம் எழுத முடியாது. ஜூன்ல ஸ்கூல் தெறந்த முதல் மாசமே ஆரம்பிச்சுருங்க. கணக்கு நோட்டு எந்த வீட்ல இடிக்குதுன்னு புள்ளைங்களயே கேளுங்க. கையத் தூக்குவாங்க பாருங்க, லேப்ல இருக்குற மெஷினு பத்தாது.